மூன்றாவது மாடியில் ஒரு மரப்பொந்து! - ராஜா அண்ணாமலைபுரத்து பட்ஜிகளும் தினசரி 10 நிமிடமும்

ராஜா அண்ணாமலைபுரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? சிலருக்கு ஐயப்பன் கோயில். சிலருக்கு எம்.ஆர்.சி நகரின் கல்யாண மண்டபங்கள். சினிமா பிரியர்களுக்கு, இன்று எம்.ஜி.ஆர் ஜானகி மகளிர் கல்லூரி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் இயங்கிய சத்யா ஸ்டுடியோ. ஆனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மந்தைவெளி ரயில் நிலையத்தில் இறங்கி, மெயின் ரோடு, கிராஸ் ஸ்ட்ரீட் என்று நம்பர் போட்ட அந்தத் தெருக்களுக்குள் நடந்து பாருங்கள். கண்ணுக்கு முன்னால் காதுதான் விழித்துக்கொள்ளும். அவ்வளவு பறவைச் சத்தம்!

அந்தச் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மரத்திலிருந்து வருவது. காகம், மைனா, குயில், கீச்சிட்டபடி பறந்துபோகும் பச்சைக்கிளிக் கூட்டம். இன்னொன்று, அடுக்குமாடி வீடுகளின் பால்கனியிலிருந்து வருவது. யாரோ நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வாய் ஓயாமல் கதை பேசுவது போன்ற சலசலப்பு. அது பட்ஜி.

'பட்ஜியா, அது என்ன?' என்று கேட்பவர்களுக்கு... நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கிறார்களே, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை என்று கலர் கலராக, முதுகில் அலை அலையான கோடுகளோடு, அதேதான். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அது வேறு பறவை. பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா.

சுத்தம் செய்தால் பறவை வரும்!

இந்த ஏரியாவின் பறவைக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால், தொல்காப்பியப் பூங்காவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடை அது. ஒரு காலத்தில் கழிவுநீரும் குப்பையும் கட்டட இடிபாடுகளும் சேர்ந்து கிடந்த இடம். அவற்றை அள்ளி வெளியேற்றி, தண்ணீர் போகவர வழி செய்து, அலையாத்தி உள்ளிட்ட செடிகளை நட்டு, 58 ஏக்கரில் 2011-ம் ஆண்டு ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று டி.ஜி.எஸ் தினகரன் சாலைப் பக்கம் நடந்து போனாலே கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் கண்ணில் படுகின்றன.

யாரும் அந்தப் பறவைகளைப் பிடித்து வந்து விடவில்லை. இடத்தைச் சுத்தம் செய்தார்கள், அவை வந்தன. அவ்வளவுதான்.

இதே பாடத்தை, பூங்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ஷூ டப்பா அளவுள்ள ஒரு மரப்பெட்டியில் பார்த்தேன்.

"திறக்கவே கூடாதுன்னு நினைச்சேன்!"

பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த அப்பார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் முதல் இஸ்திரி போடுபவர் வரை எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. ஏழாம் வகுப்பு படிக்கும் பேரனுக்காக, பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி பட்ஜி வாங்கி வந்திருக்கிறார். கூடவே, சின்ன மண்பானை ஒன்றையும் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கூண்டுக்குள் படுக்கவைத்தாற்போல கம்பியால் கட்டிவிட்டால் முட்டையிட்டுவிடும் என்றார்களாம்.

"சொன்ன மாதிரியே அஞ்சு முட்டை. அஞ்சும் பொரிச்சுது. எங்க வீட்ல தீபாவளிதான் போங்க. ஆனா, குஞ்சைத் தொட்டா அம்மா ஒதுக்கிடும்னு யாரோ சொன்னாங்க. அதனால பானைக்குள்ள கையே விடல. பதினஞ்சு, இருபது நாள் கழிச்சு ஒரு மாதிரி வாடை வந்துது. டார்ச் அடிச்சுப் பார்த்தா, உள்ளே ஒரே ஈரம். ரெண்டு குஞ்சு செத்துக் கிடக்கு. மத்த மூணுக்கும் கால்ல எச்சம் சிமென்ட் மாதிரி இறுகிப் போயிருக்கு" என்கிறார் டீச்சர்.

பேரன் குறுக்கிட்டான். "பாட்டி, அந்த நீலத்தைக் காட்டு!"

கூண்டின் மேல் கம்பியில் ஒரு நீலநிற பட்ஜி உட்கார்ந்திருந்தது. வலது காலில் ஒரு விரல் இல்லை. எச்சம் இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் கருகி உதிர்ந்துவிட்டதாம். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறது. ஆனால், கம்பியில் உட்காரும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொள்கிறது.

"அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்குனு இருக்கும். அடுத்த தடவை, தெரிஞ்சுக்கிட்டுத்தான் பெட்டியே வெச்சேன்" என்றவர், அந்த மரப்பெட்டியின் மூடியை மெதுவாகத் திறந்தார். உள்ளே நான்கு குஞ்சுகள். ஒன்று சிறகு முளைத்து, ஏறக்குறைய பெரிய பறவை மாதிரியே இருந்தது. கடைசிக் குஞ்சுக்கு இப்போதுதான் முள்முள்ளாகச் சிறகு தலைகாட்டியிருந்தது. நான்கின் கால்களும் பளிச்!

வறண்ட ஊர்ப் பறவை, கடற்கரை வீடு

ஒரே பெட்டியில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முட்டையிடும். வழக்கமாக 4 முதல் 6 முட்டைகள். ஒவ்வொன்றும் சுமார் 18 நாள்களில் பொரிக்கும். அதனால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் 6 முதல் 10 நாள் வரை வயது வித்தியாசம் இருக்கும். பிறக்கும்போது ஒரு குஞ்சின் எடை 2 கிராம் அளவுதான். உடலில் முடி இருக்காது, கண் திறந்திருக்காது. கண் திறக்க ஏறக்குறைய 10 நாள் ஆகும். 30 முதல் 35 நாள்களில் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும்.

இந்த 35 நாளும் அவை சாப்பிடுவது, தூங்குவது, கழிப்பது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அப்பா பட்ஜி வெளியே தின்றதை அம்மாவுக்குக் கக்கிக் கொடுக்கும். அம்மா அதைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். முதல் வாரத்தில் எச்சம் குறைவு. மூன்றாவது வாரத்தில், நான்கைந்து குஞ்சுகள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தபிறகுதான் பிரச்னையே.

அப்படியானால் காட்டில் யார் சுத்தம் செய்கிறார்கள்? நியாயமான கேள்வி. பட்ஜி, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டமாகத் திரியும் பறவை. மழை பெய்து புல் விதைகள் செழிக்கும் இடமாகத் தேடிப்போய், யூகலிப்டஸ் போன்ற மரங்களின் பொந்துகளில் முட்டையிடும். பொந்தின் அடியில் கிடக்கும் மக்கிய மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும். வறண்ட காற்றில் எச்சம் சீக்கிரம் காய்ந்து பொடியாகிவிடும். குஞ்சுகள் பறந்ததும் கூட்டமும் வேறு ஊருக்குக் கிளம்பிவிடும்.

1840-ல் பறவை ஆய்வாளர் ஜான் கூல்டு உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகமெங்கும் கூண்டுகளுக்குப் பரவியது இந்தப் பறவை. கூடவே பொந்தும் பெட்டியாகவும் பானையாகவும் மாறியது. ஆனால், மக்கிய மரத்தூளும் வறண்ட காற்றும் கூட வரவில்லை. அதுவும் ராஜா அண்ணாமலைபுரத்தில்? ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் பட்டினப்பாக்கம் கடல். துணி காய்வதற்கே யோசிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் எச்சம் எப்படிக் காயும்? மரமும் காற்றும் செய்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும்.

அந்த 10 நிமிடம்

டீச்சர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி அத்தனை ஒழுங்கு.

முதலில், கையை சோப்பு போட்டுக் கழுவி, வாசனை போக நன்றாக அலசிக்கொள்கிறார். மூக்கை மறைத்து மாஸ்க். பெட்டியை விரலால் இரண்டு தட்டு தட்டுகிறார். அம்மா பட்ஜி வெளியே வந்து கம்பியில் உட்காருகிறது. "திடீர்னு திறந்தா அது பயந்து குஞ்சுகளை மிதிச்சிடும். தட்டினா, 'டீச்சர் வந்துட்டா'ன்னு தானே வெளில வந்துடும்" என்கிறார்.

பழைய காட்டன் புடவைத் துணி விரித்த கிண்ணத்தில் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். ஃபேனை நிறுத்திவிடுகிறார். சிறகு முளைக்காத குஞ்சுக்குக் குளிர் தாங்காது. பேரன் கிண்ணத்துக்குக் காவல்.

காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டுவதில்லை. தண்ணீரை லேசாகத் தெளித்து, ஊறவிட்டு, தூசி பறக்காமல் வழித்தெடுக்கிறார். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, புதிய மரச்சீவலைப் பரப்புகிறார். ஃபினைல், டெட்டால் எதுவும் கிடையாது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அந்த நெடியையே குஞ்சுகள் சுவாசிக்க வேண்டியிருக்கும்.

மரச்சீவல் விஷயத்தில் கவனம் தேவை. நைசான மரத்தூள் வேண்டாம். மூக்கிலும் வாயிலும் போகும். பிளைவுட் அறுக்கும் கடையில் வாங்குவதில் பசை கலந்திருக்கும். சாயமோ, பாலிஷோ, மருந்தோ படாத மரத்தை இழைக்கும்போது சுருள் சுருளாக விழும் சீவல்தான் சரி.

பெட்டியின் அடிப்பலகையும் முக்கியம். நடுவில் கிண்ணம் போலக் குழி இருக்க வேண்டும். தட்டையான பலகையில் வளரும் குஞ்சின் கால்கள் பிடிமானம் இல்லாமல் இரண்டு பக்கமும் விரிந்து, அப்படியே நின்றுவிடலாம். இந்த விஷயத்தில் நம் மண்பானைக்கு நூற்றுக்கு நூறு. இயற்கையாகவே குழிவு, கோடையில் குளிர்ச்சி. ஆனால், வாய் சின்னது. உள்ளே நடப்பது தெரியாது, கையும் போகாது. பானைதான் வேண்டுமென்றால், கை நுழையும் அளவுக்கு வாய் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

குஞ்சுகளைத் திரும்ப வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் மூன்று சோதனைகள். கால் விரல்களில் எச்சம் ஒட்டியிருக்கிறதா? இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஊறவைத்து எடுக்க வேண்டும். பிய்த்து இழுத்தால் நகமும் விரலும் கூடவே வந்துவிடும். மேல் அலகின் உள்பக்கம் உணவு காய்ந்து ஒட்டியிருக்கிறதா? அப்படியே விட்டால் அலகு கோணலாக வளரும். கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிறைந்திருக்கிறதா? நிறைந்திருந்தால் அம்மா ஒழுங்காக ஊட்டுகிறது என்று அர்த்தம். காலியாகவே இருந்தால் கடைக்குட்டிக்குப் பங்கு கிடைக்கவில்லை.

எல்லாம் 10 நிமிடம். மூடியை மூடி நகர்ந்ததும், அம்மா பட்ஜி ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய்விட்டது. தினமும் பழகிய கை தொட்டால் பட்ஜி குஞ்சுகளை ஒதுக்குவதில்லை.

இதைத் தினமும் செய்ய வேண்டுமா? முதல் 10 நாள்கள், நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். செத்த குஞ்சு இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை சீவல் மாற்றம். மூன்றாவது வாரத்திலிருந்து, குஞ்சுகளின் எண்ணிக்கையையும் ஈரத்தையும் பொறுத்து தினமுமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ. மழைக்காலமென்றால் தினமும்.

எறும்பு, ஊதுபத்தி, நான்ஸ்டிக் தவா

சென்னை வீடுகளில் இன்னொரு வில்லன் உண்டு. எறும்பு! ஓர் இரவு போதும், கண் திறக்காத குஞ்சுகளைக் கடித்தே கொன்றுவிடும். இதற்கு டீச்சர் கையாள்வது நம் பாட்டிகள் வெல்லப் பாத்திரத்துக்குச் செய்த அதே டெக்னிக். கூண்டு ஸ்டாண்டின் நான்கு கால்களுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம். கொசு முட்டையிடாமல் இருக்க தினமும் தண்ணீரை மாற்றிவிடுகிறார். எறும்பு மருந்து, எறும்பு சாக்பீஸ் எதுவும் கூண்டுப் பக்கம் வரக் கூடாது.

பறவைகளின் நுரையீரல் நம்முடையதைவிட மிக நுட்பமானது. கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையெல்லாம் கூண்டிருக்கும் இடத்துக்கு வர வேண்டாம். அடுப்பில் அதிகமாகச் சூடேறும் நான்ஸ்டிக் தவாவிலிருந்து வரும் ஆவி, சில நிமிடங்களிலேயே பறவையின் உயிரைப் பறிக்கும். சமையலறையை ஒட்டிக் கூண்டு வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனியுங்கள்.

சாப்பாடு? தினைதான் மெயின். அத்துடன் சாமை, பனிவரகு. குஞ்சுகள் இருக்கும் நாள்களில் வேகவைத்த முட்டை, நன்றாகக் கழுவிய கீரை, கொத்தமல்லி. நம் வெயிலில் முட்டை சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்புச்சத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கொடுப்பார்கள். டீச்சருக்கு அந்தச் செலவும் இல்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, "இந்தாங்க டீச்சர், உங்க குருவிக்கு" என்று சும்மாவே கொடுத்துவிடுகிறார். உப்புப் போக இரண்டு, மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் சொருக வேண்டும்.

நமக்காகவும்தான் இந்தச் சுத்தம்

காய்ந்த எச்சத்தின் தூசியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் 'சிட்டகோசிஸ்' என்ற நோய், அந்தத் தூசியைச் சுவாசிப்பதால் வரலாம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று ஆரம்பித்து நிமோனியா வரை போகும். சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகிவிடும். ஆனால், வீட்டில் பறவை இருக்கிறது என்பதை டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாஸ்க்கும், நனைத்துச் சுரண்டுவதும் இதற்காகத்தான். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் சுத்தம் செய்யும் நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் இருப்பது நல்லது.

பறவை சிறகை உப்பிக்கொண்டு ஓரமாகவே உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுவிடும்போது வால் ஏறி இறங்கினாலோ கைவைத்தியம் பார்க்க வேண்டாம். வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டலாம்.

பெட்டியை எப்போது எடுப்பது?

குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. வேலை முடிந்ததா? இல்லை. வெளியே வந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அப்பா பட்ஜிதான் ஊட்டும். குஞ்சு தானாகத் தினை உடைத்துத் தின்னும்வரை பிரிக்கக் கூடாது. பெட்டியை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். சென்னை வெயிலுக்கும் ஒரு நல்ல பயன்!

பிறகு? அந்தப் பெட்டியை எடுத்து பரணில் போட்டுவிட வேண்டும். பெட்டி இருக்கும்வரை பெண் பட்ஜி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். தொடர்ந்து முட்டையிட்டால் உடலில் சுண்ணாம்புச்சத்து வற்றி, முட்டை வெளியே வராமல் அடைத்து, உயிரே போகலாம். வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். "இந்தக் குஞ்சுகளோட சரி. ரெண்டைப் பக்கத்து ப்ளாக்ல கேட்டிருக்காங்க. பெட்டியைத் தினமும் சுத்தம் பண்ற வீடான்னு பார்த்துட்டுத்தான் தருவேன்" என்கிறார் டீச்சர்.

அதிகமாகிவிட்டதென்று வெளியே பறக்கவிடுவதும் தீர்வல்ல. மரத்துப் பச்சைக்கிளியோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கூண்டில் பிறந்த பட்ஜிக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பவும் தெரியாது.

அதேபோல, மரத்துப் பச்சைக்கிளியைக் கூண்டுக்குக் கொண்டுவருவதும் கூடாது. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை என்பதால் அந்தத் தடை இல்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக, பார்த்துக்கொள்ளாமல் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லையே!

அடுத்த முறை பிராட்வேயிலோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ ஒரு ஜோடி பட்ஜி உங்கள் கண்ணைப் பறித்தால், விலையைக் கேட்பதற்கு முன்னால் உங்களிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல், காலையில் 10 நிமிடம் ஒதுக்க முடியுமா? முடியும் என்றால் பெட்டியோடு வாங்குங்கள். முடியாது என்றால், பெட்டியும் பானையும் இல்லாமல் பறவைகளை மட்டும் வாங்குங்கள். பெட்டி இல்லாவிட்டால் பெரும்பாலும் முட்டையிடாது. வெறும் ஜோடியாகவே பல வருடம் உங்கள் பால்கனியில் சந்தோஷமாகக் கதை பேசிக்கொண்டிருக்கும்.